பீரங்கிப் படைக் கணக்கர்களும் தோணிரேவு வைகறையும்

பழவேற்காடு ஏரிக்கரையில் வேலை வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதில்லை. தோணிரேவு போன்ற மீனவ ஊர்களில் கிழக்கு வெளுக்கும் முன்பே தோணிகள் கரை தொடும். இறாலும் நண்டும் மடவையும் வலையிலிருந்து கூடைக்கும், கூடையிலிருந்து வியாபாரியின் கைக்கும் மாறுவது அரையிருட்டில். அந்த நேரத்தில் ஒருவர் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மின்னவில்லை, முக்காலி இல்லை, யாரையும் அசையாமல் நிற்கச் சொல்லவும் இல்லை. ஆனாலும் வலைக்கண்ணிகள் வரை படத்தில் விழுந்துவிடுகின்றன. கைபேசியின் விவரச் சீட்டைப் புரட்டினால் கேமராவுக்கு நேரே ‘எஃப் 1.8’ என்பது போல ஓர் எண் இருக்கும். பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம். அந்த எண் நம் சட்டைப்பைக்கு வந்து சேர 450 ஆண்டுகள் ஆயின. துணி வியாபாரிகள், பீரங்கிப் படைவீரர்கள், காப்பியடித்த கொல்லர்கள், நிலவுக்குப் போக நினைத்தவர்கள் எனப் பலரும் அதைக் கைமாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எஃப் எண் எளிய வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. எண் சிறுத்தால் திறப்பு பெருத்திருக்கிறது என்று பொருள். எஃப் 4 லென்ஸைவிட எஃப் 2 லென்ஸ் 4 மடங்கு ஒளியை உள்ளே விடும். மழையில் சொம்பை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது: மழை ஒன்றுதான், அகன்ற வாய்க்கு நீர் அதிகம். போதுமான ஒளி விரைவில் சேர்ந்துவிடுவதால் ஷட்டரும் விரைவில் மூடிக்கொள்ளலாம். புகைப்படக்காரர்கள் இதை ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்பது அதனால்தான்.

அப்படியானால் வாயை அகட்டிக்கொண்டே போகலாமே? அங்குதான் சிக்கல். கண்ணாடியின் நடுவில் நுழையும் கதிரும் ஓரத்தில் நுழையும் கதிரும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. திறப்பின் விட்டம் இருமடங்கானால் இதனால் வரும் மங்கல் 8 மடங்காகிவிடும். இந்தத் தொல்லையை முதலில் சந்தித்தவர்களில் ஒருவர் வெனிஸ் நகரத்து அறிஞர் டானியேல பார்பரோ. இருட்டறையின் சுவரில் துளையிட்டு, வெளியுலகின் தலைகீழ்ப் படத்தை உள்ளே விழவைக்கும் வித்தை அப்போதே பழையது. 1568இல் அவர் எழுதிய நூலில் அந்தத் துளையில் முதியவர்களின் மூக்குக்கண்ணாடி வில்லை ஒன்றைப் பொருத்தச் சொன்னார். படம் பிரகாசமாகியது, கூடவே ஓரங்கள் குழம்பின. அதற்கு அவரே மருந்தும் சொன்னார்: வில்லையின் ஓரத்தை மறைத்து நடுப்பகுதியை மட்டும் திறந்துவிடுங்கள். தெளிவு வேண்டுமா, ஒளியைக் கொடு. ஒளி வேண்டுமா, தெளிவைக் கொடு. அடுத்த நான்கு நூற்றாண்டுகளும் இந்தப் பேரத்தை உடைக்க மனிதர்கள் செய்த முயற்சிதான் இந்தக் கதை.

அரை நூற்றாண்டுக்குள் கதை நம் ஏரிக்கரைக்கு அருகே வருகிறது. 1608இல் நெதர்லாந்தின் மிடல்பர்க் ஊரில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஹே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதே மிடல்பர்க் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைச் சபைகளில் ஒன்று இயங்கிய துறைமுகம். 1610இல் அந்தக் கம்பெனி பழவேற்காட்டில் வணிகத்தளம் அமைத்தது. 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைக் கிழக்கே கொண்டுபோய் நறுமணப் பொருட்களுக்கு மாற்றுவது அவர்களின் முக்கியத் தொழில். கம்பெனியின் இன்னொரு கிளைச் சபை இருந்த டெல்ஃப்ட் ஊரில் அந்தோனி வான் லீவன்ஹூக் துணிக்கடை வைத்திருந்தார். துணியின் நெருக்கத்தை அறிய இழை எண்ணும் உருப்பெருக்கி அந்தத் தொழிலில் எல்லோர் கையிலும் இருந்தது. அந்தப் பழக்கத்தைச் சிறு வில்லைகளாகத் தேய்த்து வளர்த்த லீவன்ஹூக், 1670களில் ஒரு சொட்டு நீருக்குள் நுண்ணுயிர்களைக் கண்டார். நல்ல கண்ணாடியைத் தேய்க்கும் கைத்திறன் ஐரோப்பாவில் பரவியதில் கப்பலோட்டிகளுக்கும் துணி வியாபாரிகளுக்கும் பெரும்பங்கு உண்டு.

1839இல் பாரிஸில் டாகர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது அவர் கேமராவில் இருந்தது ஷெவாலியே செய்த லென்ஸ். அதன் திறப்பு ஏறத்தாழ எஃப் 15. வெயிலில்கூடப் பல நிமிடங்கள் திறந்துவைத்தால்தான் தகட்டில் படம் பதியும். கட்டடம் காத்திருக்கும், மனிதர் காத்திருப்பாரா? படமெடுக்க உட்கார்ந்தவரின் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்து அசையாமல் பிடித்தார்கள்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசஃப் பெட்ஸ்வால் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். அதுவரை லென்ஸ் செய்தவர்கள் தேய்த்துப் பார்த்து, பொருத்திப் பார்த்துத் திருத்தியவர்கள். பெட்ஸ்வால் கண்ணாடியைத் தொடும் முன்பே கதிர்களின் பாதையைத் தாளில் கணக்கிட நினைத்தார். மடக்கை அட்டவணைகளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கணக்குகள் போட வேண்டும். ஓர் ஆளால் ஆகாது. ஆஸ்திரியப் பீரங்கிப் படைக்குத் தலைமை வகித்த இளவரசர் லூத்விக், குண்டின் பாதையைக் கணக்கிடப் பழகிய படைவீரர்கள் சிலரை அவருக்குக் கொடுத்து உதவினார். குண்டு போகும் வழியைக் கணக்கிட்ட மூளைகள் ஒளி போகும் வழியைக் கணக்கிட்டன. 1840இல் பிறந்தது எஃப் 3.6 திறப்புள்ள உருவப்பட லென்ஸ். பழைய லென்ஸைவிட 17 மடங்கு ஒளியை அது உள்ளே விட்டது. நிமிடங்களில் அளந்த காத்திருப்பு நொடிகளுக்கு இறங்கியது. மனித முகத்தைப் படமெடுப்பது ஒரு தொழிலாகக் காலூன்ற முடிந்தது.

லென்ஸைச் செய்து விற்றவர் அதே ஊரின் ஃபாய்க்ட்லெண்டர். பெட்ஸ்வாலுக்கு ஒருமுறை கொடுத்த தொகையோடு கணக்கை முடித்துக்கொண்டு அவர் வியாபாரத்தில் செழித்தார். இருவருக்கும் பகை மூண்டது; ஃபாய்க்ட்லெண்டர் 1849இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்குக்குத் தொழிலை மாற்றிக்கொண்டு போனார். ஆஸ்திரியாவுக்கு வெளியே அந்த வடிவத்துக்குக் காப்பு எதுவும் இல்லாததால் பாரிஸிலும் லண்டனிலும் கண்ணாடித் தொழிலாளர்கள் தாராளமாக நகலெடுத்தார்கள். பிறகு திருடர்கள் பெட்ஸ்வாலின் வீட்டில் புகுந்து அவருடைய கையெழுத்துப் பிரதிகளை அழித்துவிட்டுப் போனார்கள். மனமொடிந்த அவர் ஒளியியலையே கைவிட்டார். அவருக்கு நேர்ந்தது பெரும் அநீதி. ஆனால் அந்த நகல்காரர்கள் இல்லாவிட்டால் அவருடைய கண்டுபிடிப்பு உலகெங்கும் அவ்வளவு விரைவாகப் போயிருக்காது.

சென்னைக்குப் புகைப்படக் கலை வந்தபோது இந்த லென்ஸின் பலமும் பலவீனமும் இரண்டும் தெரிந்தன. 1856இல் மெட்ராஸ் புகைப்படச் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு மாகாண அரசின் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் அமர்ந்தார். 1858இல் அவர் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். மதுரைப் புது மண்டபத்தின் தூண் வரிசைகளும் அவற்றில் அடக்கம். பெட்ஸ்வால் வகை லென்ஸ் நடுவில் கூர்மையானது, ஓரத்தில் சுழன்று கலங்கும். முகத்துக்கு ஏற்றது, மண்டபத்துக்கு ஆகாது. கட்டடக் கலையைக் காட்ட வந்தவர்கள் திறப்பைச் சுருக்கி, நிமிடக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கோயில் படங்களில் கூட்டம் அதிகம் தெரியாததற்கு இதுவும் காரணம். நடமாடியவர்கள் யாரும் படத்தில் தங்கவில்லை. கல் மட்டும் தங்கியது.

பெட்ஸ்வாலின் லென்ஸ் பிறகு திசை திரும்பி நம் ஊர்களுக்குள் நுழைந்தது. ஒளியை உள்ளே வாங்க நன்றாக இருப்பது வெளியே வீசவும் நன்றாக இருக்கும். மாயவிளக்கிலும் அதன் பின் வந்த சினிமா புரொஜெக்டரிலும் பெரும்பாலும் பெட்ஸ்வால் குடும்பத்து லென்ஸ்களே குடியேறின. 1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டக் கிளம்பினார். வியன்னாவில் முகங்களுக்காகப் பிறந்த வடிவம் இப்படித்தான் தமிழ்நாட்டு டூரிங் டாக்கீஸுக்கு வழி திறந்தது.

இதற்கிடையே வேறொரு குடும்பம் அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1817இல் கணித மேதை காஸ் தொலைநோக்கிக்காக ஒரு வில்லைச் சோடியை வடிவமைத்தார். 1888இல் அமெரிக்கர் ஆல்வன் கிளார்க் அப்படி இரண்டு சோடிகளை முதுகோடு முதுகு வைத்துப் பார்த்தார். யேனா நகரில் ஷாட் என்ற கண்ணாடி வல்லுநர் புதுவகைக் கண்ணாடிகளைக் காய்ச்சத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தக் கண்ணாடிகளைக் கொண்டு ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896இல் பிளானார் என்ற லென்ஸைப் படைத்தார். ஓரம் வரை தெளிவு, திறப்பும் அகலம். இருந்தும் அது அன்று பெரிதாகப் போணியாகவில்லை. காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் 4, 5 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பிளானாரில் அப்படி 8 பரப்புகள். உள்ளே அலைந்து திரியும் அந்த ஒளி படத்தின் மேல் வெளிறிய திரை போலப் படிந்தது.

நோய் வந்த ஆண்டிலேயே மருந்தும் கண்ணில் பட்டது. அதே 1896இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் டென்னிஸ் டெய்லர், வயதாகிக் கறை படிந்த லென்ஸ் புதிய லென்ஸைவிடக் கூடுதல் ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். கறை என்றால் கெடுதல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த மெல்லிய படலம் ஒளி திரும்பிப்போவதைக் குறைக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். கறையைச் செயற்கையாக உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அமிலத்தால் கறை ஏற்றுவது ஒரு லென்ஸில் போல இன்னொன்றில் அமையவில்லை. வெற்றிடத்தில் மெல்லிய பூச்சு ஏற்றும் நம்பகமான முறையை ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் கண்டுபிடிக்கும்வரை, பிளானாரின் வம்சம் ஏறக்குறைய 40 ஆண்டுகள் பொறுத்திருந்தது.

பொறுக்காதவர்கள் வேறு வழி தேடினார்கள். 1920இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஹொரேஸ் லீ, பிளானாரின் இரு பாதிகளையும் சற்றே சமச்சீர் குலைத்து எஃப் 2 வரை கொண்டுவந்தார். டிரெஸ்டனின் எர்னமன் நிறுவனத்தில் லுட்விக் பெர்த்தலே என்ற இளைஞர், 1900இல் பிறந்தவர், எர்னோஸ்டார் என்ற எஃப் 2 லென்ஸை வடிவமைத்தார். அதைச் சுமந்த எர்மனாக்ஸ் என்ற சிறு கேமரா 1924இல் கடைக்கு வந்தது. விரைவில் எஃப் 1.8 வகையும் வந்தது. நம் கைபேசியில் பார்த்த அதே எண். 100 ஆண்டுகளுக்கு முன்பே எட்டியாகிவிட்டது.

அதுவரை அறைக்குள் படமெடுப்பது என்றால் மெக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும். பெரும் ஒளி, வெடிச்சத்தம், வெண்புகை. எந்த நீதிபதி அதை அனுமதிப்பார்? பெர்லின்காரரான எரிக் சாலமன் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். நாற்பது வயதைக் கடந்தபின் எர்மனாக்ஸைத் தொட்டார். 1928இல் தொப்பிக்குள் கேமராவை ஒளித்துவைத்து நீதிமன்றத்தில் படமெடுத்தார். அதன்பின் உலகத் தலைவர்களின் மாநாடுகள், இரவு விருந்துகள். அங்கே கொட்டாவி விட்டவர்கள், நாற்காலியில் சரிந்தவர்கள், ஒருவர் காதில் ஒருவர் பேசியவர்கள், எல்லோரும் வரலாற்றில் பதிந்தார்கள். அதிகாரம் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பொதுமக்கள் முதன்முதலாகப் பார்த்தது அவர் படங்களில்தான். யூதரான அவரை நாஜிகள் 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். அவருடைய தொழிலை இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள்.

அகன்ற லென்ஸின் உள்ளே இருக்கும் அறத்தை நம் நாட்டில் ஒரு மண்குடிசை எடுத்துக்காட்டியது. சேவாகிராமத்தில் காந்தியைப் படமெடுக்க அவருடைய உறவுப் பேரன் கனு காந்தி விரும்பியபோது மூன்று நிபந்தனைகள் வந்தன: ஃபிளாஷ் கூடாது, இப்படி நில்லுங்கள் என்று கேட்கக் கூடாது, செலவுக்கு ஆசிரமம் பணம் தராது. கன்ஷியாம்தாஸ் பிர்லா கொடுத்த 100 ரூபாயில் ரோலெய்ஃபிளெக்ஸ் கேமரா வாங்கி, 1938 முதல் காந்தியின் கடைசி ஆண்டுகளை அவர் கிடைத்த வெளிச்சத்திலேயே பதிவுசெய்தார். 1946இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காக மார்கரெட் பர்க்-வைட் புனேவுக்கு வந்தார். இராட்டையோடு காந்தியைப் படமெடுக்க அவருக்கு 3 ஃபிளாஷ் பல்புகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. 1948 ஜனவரி 30 இரவு, பிர்லா மாளிகை வாசலில் நேரு காந்தியின் மரணத்தை மக்களுக்கு அறிவித்த கணத்தை ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸான் அங்கிருந்த விளக்கொளியில் எடுத்தார். படம் சற்றுக் கலங்கியிருக்கிறது. அந்த இரவும் கலங்கித்தான் இருந்தது. ஒருவர் வாழும் வெளிச்சத்தை மாற்றாமல் அவரைப் பதிவுசெய்வது ஒரு மரியாதை. அகன்ற லென்ஸ் அந்த மரியாதையைச் செலுத்தும் வசதியைக் கொடுத்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நகல்காரர்களின் பொற்காலம் தொடங்கியது. பெர்த்தலே 1930களில் ஸைஸுக்காக ‘சொன்னார்’ என்ற எஃப் 1.5 லென்ஸைப் படைத்திருந்தார். வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் காற்றைத் தொடும் பரப்புகள் குறையும் என்பது அவர் உத்தி. போரில் தோற்ற ஜெர்மனியின் கேமரா இயந்திரங்கள் இழப்பீடாகச் சோவியத் நாட்டின் கீவ் நகருக்குப் போயின. ‘சொன்னார்’ சோவியத் நாட்டில் ஜூபிட்டர் ஆயிற்று. ஸைஸின் பயோட்டார் என்ற எஃப் 2 லென்ஸ் ஹீலியாஸ் ஆகி, பல லட்சக்கணக்கில் உற்பத்தியாகி, ஸெனிட் கேமராவின் மூக்கில் அமர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. வெயில் இருந்தால்தான் வேலை செய்யும் கிளிக் 3 கேமராவோடு வளர்ந்த நம் வீடுகளுக்கு, எஃப் 2 என்பது சாயங்காலத்தையும் படத்துக்குள் கொண்டுவந்த எண்.

ஜப்பானின் கதை இன்னும் சுவையானது. 1921இல் நிப்பான் கோகாகு நிறுவனம் ஜெர்மானியப் பொறியாளர்களை டோக்கியோவுக்கு வரவழைத்துத் தொழில் கற்றுக்கொண்டது. பிற்காலத்தில் அதற்கு நிக்கான் என்று பெயர். 1950இல் லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜுன் மிகி என்ற இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர் எஃப் 2 நிக்கார் லென்ஸில் அவரை விளையாட்டாக ஒரு படம் எடுத்தார். மங்கலான வெளிச்சம், ஆனால் படத்தின் கூர்மை டங்கனை அசத்தியது. அவர் நேரே தொழிற்சாலைக்குப் போய் லென்ஸ்களை வாங்கினார். சில நாட்களில் கொரியப் போர் வெடித்தது; அவர் அனுப்பிய படங்களைக் கண்டு நியூயார்க்கில் ஆசிரியர்கள் வியந்தார்கள். அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஜப்பானிய லென்ஸ்களைப் பற்றி எழுதியது. நகல்காரர் என்ற பெயர் போய், முன்னோடி என்ற பெயர் வந்தது.

பின்பு ஓட்டப்பந்தயம்தான். 1953இல் ஸுனோ எஃப் 1.1. 1961இல் கேனன் எஃப் 0.95. கணக்கிடும் வேலையும் மனிதர் கையைவிட்டுப் போனது. கொன்ராட் ஸூஸ வடிவமைத்த இசட் 5 கணினியை லைக்கா செய்யும் லைட்ஸ் நிறுவனம் 1953இல் லென்ஸ் கணக்குக்காகவே வாங்கிக்கொண்டது. பெட்ஸ்வாலின் படைவீரர்கள் மாதக்கணக்கில் செய்ததை இயந்திரம் செய்யத் தொடங்கியது. 1966இல் லைட்ஸ், பந்து வடிவிலிருந்து விலகிய பரப்புகளைக் கைப்பட மெருகேற்றி நாக்டிலக்ஸ் எஃப் 1.2 லென்ஸைச் செய்தது. மிகக் கடினமான வேலை என்பதால் செய்தவை சொற்பம். 1976இல் கனடாவில் வால்டர் மாண்ட்லர் புதுக் கண்ணாடியின் துணையோடு சாதாரணப் பரப்புகளிலேயே எஃப் 1ஐ எட்டினார்.

இதைவிடப் பெரிய எஃப் 1 ஒன்று இந்தியாவுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. பெர்ன்ஹார்ட் ஷ்மிட், ஒரு கையை இழந்தவர், ஹாம்பர்க் வானாய்வகத்தில் 1930இல் கண்ணாடி ஆடியையும் மெல்லிய திருத்தத் தகட்டையும் சேர்த்து வானத்துக்கான அகன்ற கேமராவைச் செய்திருந்தார். அந்த வழியில் வந்தது பேக்கர்-நன் கேமரா: 50 சென்டிமீட்டர் திறப்பு, அதே அளவு குவியத் தூரம். 1957இல் ஸ்புட்னிக் பறந்தபின், செயற்கைக்கோள்களைப் பின்தொடர உலகில் 12 இடங்களில் அவை நிறுவப்பட்டன. 1958இல் ஒன்று நைனிடால் வானாய்வகத்துக்கு வந்தது. அந்த வானாய்வகத்தை வளர்த்த வைணு பாப்பு பிறகு கொடைக்கானலுக்கு வந்து, ஜவ்வாது மலையின் காவலூரில் தமிழ்நாட்டின் பெரிய வானாய்வகத்தை உருவாக்கினார். காவலூரில் உள்ள 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியால் 1988இல் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். அதற்கு இராமானுஜன் என்று பெயர். கும்பகோணத்து மேதையின் பெயர் வானில் ஏறியது இந்த அகன்ற கண்ணின் வழியாக.

வானத்துக்காகச் செய்தது தரைக்கு வந்ததும் உண்டு. 1966இல் நாசாவின் நிலவுத் திட்டத்துக்காக ஸைஸ் எஃப் 0.7 பிளானார் லென்ஸ்களைச் செய்தது, மொத்தம் 10. அவற்றில் 3 திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கிடம் வந்தன. 1975இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் 18ஆம் நூற்றாண்டு மாளிகைகளை மெழுகுவர்த்தி ஒளியிலேயே அவர் காட்ட விரும்பினார். லென்ஸின் பின்பகுதி படச்சுருளை ஒட்டி நிற்க வேண்டியிருந்ததால் கேமராவையே அறுத்துத் திருத்தினார்கள். தெளிவாக விழும் ஆழம் விரற்கடை அளவுதான். நடிகர் சற்றே முன்னால் சாய்ந்தாலும் முகம் மங்கும். 1839இல் கட்டுண்டு உட்கார்ந்தவர்களைப் போல நடிகர்கள் மறுபடியும் அசையாமல் இருக்க வேண்டியதாயிற்று. அந்தப் படத்துக்காக ஜான் ஆல்கட் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பெற்றார்.

தமிழ்த் திரையும் இதே ஆசையைத் தன் வழியில் தேடிக்கொண்டது. மட்டக்களப்பில் பிறந்து புனே திரைப்படக் கல்லூரியில் படித்த பாலு மகேந்திரா, 1978இல் ‘முள்ளும் மலரும்’ வழியாக இயற்கை ஒளியின் சாயலைத் தமிழுக்குப் பழக்கினார். 1987இல் ‘நாயகன்’ படத்தில் பி.சி. ஸ்ரீராம் இருட்டையும் ஒரு பாத்திரமாக்கினார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. முகத்தில் பாதியை நிழலுக்கு விட்டுவிடும் துணிச்சலுக்கு வேகமான லென்ஸும் வேகமான படச்சுருளும் பின்னணியில் வளர்ந்துகொண்டிருந்தன.

பழவேற்காட்டிலேயே இந்தக் கண்ணின் இரு எல்லைகளையும் பார்க்கலாம். குளிர்காலத்தில் பூநாரைகளைத் தேடி வருபவர்கள் தோளில் சுமக்கும் 400 மில்லிமீட்டர் எஃப் 2.8 லென்ஸின் திறப்பு 14 சென்டிமீட்டருக்கும் மேல். வைகறையில் பறவை சிறகடிக்கும் கணத்தை உறையவைக்க அவ்வளவு அகலம் தேவை. அவ்வளவு பெரிய வில்லையில் நிறங்கள் பிரிந்து விலகுவதை அடக்கக் கேனன் 1969இல் செயற்கையாக வளர்த்த ஃபுளோரைட் படிகத்தைக் கையாண்டது. சென்னைவாசியான இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் அந்த வசதிகளுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைக் கோத்துத் தன் கேமராவைத் தானே கட்டி, யானைகளைப் படமெடுத்தார். நிலவுப் பயணமும் இந்தக் கரைக்கு அந்நியமில்லை: ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2008இல் சந்திரயான்-1 நிலவுக்குக் கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாட்களில் சுற்றுப்புற மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை உண்டு. வானத்தை நோக்கிப் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் இந்தக் கரை ஒருநாள் கூலியைக் கொடுத்து உதவுகிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

மறு எல்லையில் கைபேசி. அதன் எஃப் 1.8 திறப்பின் விட்டம் பெரும்பாலும் 3, 4 மில்லிமீட்டர்தான். 1966இல் கைப்பட மெருகேற்றத் திணறிய அந்தக் கடினமான பரப்புகளை இன்று அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வில்லைகள் கோடிக்கணக்கில் தாங்கி வருகின்றன. எண் சிறியதானாலும் வில்லை சிறியது. சேரும் மொத்த ஒளி குறைவு. அதனால் கைபேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, நடுங்கியதைச் சரிசெய்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டிக் கொடுக்கிறது. 2018இல் கூகுள் தன் கைபேசிகளில் இந்த இரவு முறையைக் கொண்டுவந்தபின் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதே காலத்தில் சீன நிறுவனங்கள் எஃப் 0.95 லென்ஸ்களை லைக்காவின் விலையில் மிகச் சிறு பங்குக்கு விற்கத் தொடங்கின. பாரிஸ் நகல்காரர்கள் தொடங்கிவைத்த மரபு அறுபடவில்லை. விலை இறங்கும் ஒவ்வொரு முறையும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களின் வரிசையும் நீள்கிறது.

அந்த வரிசையில் எனக்கு மிகவும் பெருமை தரும் ஒருவர் மு. பழனி குமார். மதுரையில் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் மகன். அந்தத் தாயின் உழைப்பையே படங்களாக்கி எழுதியவர். ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகமான பாரியில் புகைப்படக்காரராகப் பணியாற்றும் அவருக்கு 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர் புகைப்படமும் கற்றுத் தருகிறார். இளவரசரின் படைவீரர்கள் கணக்கிட்ட, மாநாட்டு மண்டபங்களைக் கண்ட, நிலவுக்கு என்று தேய்த்தெடுத்த கண்ணாடி மீன் விற்கும் தாயின் மகன் கையில் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

பழவேற்காட்டைச் சுற்றிய ஊர்களை இதுவரை பெரும்பாலும் வெளியூரார்தான் படமெடுத்திருக்கிறார்கள். அதிலும் பூநாரைக்கும் டச்சுக் கல்லறைக்கும் கிடைத்த கவனம் மீன் கூடை தூக்கும் பெண்களுக்குக் கிடைத்ததில்லை. அவர்களுடைய நாள் தொடங்குவது மற்றவர்கள் உறங்கும் நேரத்தில். அந்த நேரத்தைப் படமாக்கும் கருவி இன்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது. தோணிரேவுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஒரு கேமராவும், சொல்லித்தர ஓர் ஆசிரியரும், எடுத்த படங்களை மாட்ட ஒரு சுவரும் வேண்டும். அரசும் புகைப்படச் சங்கங்களும் மனம் வைத்தால் ஒரே ஆண்டில் செய்துவிடக்கூடிய வேலை இது. 1856இல் சென்னையில் சங்கம் அமைத்த கலை, 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தக் கரையில் தன் ஆட்களைச் சேர்த்துக்கொள்ள இனியும் தாமதிக்க வேண்டியதில்லை.